பக்பீடியா: டிரேட் டெட்லைனுக்குப் பிறகு ஒரு அணியைப் படிக்க வேண்டுமென்றால் இங்கே போங்க

என்.எச்.எல் என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கைப் பார்க்கிறவர்கள் நம்ம ஊரில் கொஞ்சம் பேர்தான். அதிலும் டிரேட் டெட்லைன், அதாவது அணிகள் ஒரு பருவத்தில் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள், அன்று ராத்திரி முழித்திருந்து யார் எந்த அணிக்குப் போனார்கள் என்று தேடுகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். அவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். பக்பீடியா என்கிற தளத்தை நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன், நான் பார்க்கிற பக்கங்களுக்கு இதுவரை காசு கேட்டதில்லை, விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஒரு அணி பிரிந்து மறுபடி கட்டப்படுவதை வரி வரியாகக் காட்டுகிற இடம் இது.

முதலில் தளம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல்லில் 32 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பக்கம். அதில் ஃபார்வர்டு, டிஃபென்ஸ், கோலி (கோல்கீப்பர்) என்று பிரித்து ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி. அந்த வரியில் வருடவாரியாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் அந்த வருடம் அணியின் சம்பளக் கணக்கில் ஏறும் தொகை, ஒப்பந்தம் முடிகிற வருடத்தில் அவர் யாருக்கு வேண்டுமானாலும் போகலாமா, இல்லை பழைய அணிக்கே உரிமை இருக்கிறதா என்கிற குறி. இவரை இவர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதற்கும் ஒரு குறி. கீழே போனால் வரப்போகிற வருடங்களின் டிராஃப்ட் பிக்குகள் (புது இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கிற டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை), எது சொந்தம், எது யாரிடமிருந்து வந்தது என்று. மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிற லீக் என்பதால் இதெல்லாம் தெரியாமல் ஒரு டிரேடு ஏன் நடந்தது என்றே புரியாது. 2024–25 பருவத்தில் அந்த வரம்பு 8.8 கோடி டாலர், அடுத்த பருவத்தில் 9.55 கோடி.

நான் பெரம்பூர்க்காரன். அப்பா ஐ.சி.எஃப்-இல் இருந்தவர், அதனால் ஹாக்கி என்றால் புல்லும் டர்ஃபும்தான் எங்களுக்கு. டிபார்ட்மென்ட் டீம் என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பையன் நல்லா ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைக்கும், அதற்கப்புறம் அவன் அந்த டீம்தான், ரிட்டயர் ஆகும்வரை அந்த ஆபீஸ்தான். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஐஸ் ஹாக்கியில் முதலில் ஜீரணிக்க முடியாமல் போனது ஆட்டத்தின் வேகம் இல்லை, பதினைந்து வருடமாக ஒரே அணிக்கு ஆடின கேப்டனை ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்ப முடியும் என்கிற விஷயம்தான். ஸ்கார்பரோவில் இருக்கிற அத்தை மகன் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் வெறியன், அவன்தான் எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கினான், ஆனால் நான் போய் ஒட்டிக்கொண்டது அவனுக்குப் பிடிக்காத பாஸ்டன் புரூயின்ஸிடம். காரணம் பிராட் மார்ஷாண்ட். குள்ளமான ஆள், 2006 டிராஃப்டில் 71-ஆவதாக எடுக்கப்பட்டவர், எதிரணியை எரிச்சல் மூட்டியே பாதி ஆட்டத்தை ஜெயிப்பவர், 2011-இல் லீக்கின் ஸ்டான்லி கோப்பையும் வாங்கியவர். இந்த மாதிரி ஆட்டக்காரரை வியாசர்பாடி ஃபுட்பால் மைதானத்தில் பார்த்தவர்களுக்கு அவரை உடனே பிடித்துப்போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 மார்ச் 7, கிழக்கு அமெரிக்க நேரப்படி மதியம் 3 மணி கெடு. நம்ம கணக்கில் மார்ச் 8 அதிகாலை ஒன்றரை மணி. புரூயின்ஸ் அந்தப் பருவத்தில் ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருந்தது, நவம்பரிலேயே பயிற்சியாளரை மாற்றியிருந்தார்கள். இரண்டு வருடம் முன்பு இதே அணி 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் வரலாற்றிலேயே பெரிய சாதனை வைத்திருந்தது, முதல் சுற்றிலேயே ஃபுளோரிடாவிடம் தோற்றும் போனது. அந்த அணியைத்தான் பொது மேலாளர் டான் ஸ்வீனி அந்த வாரத்தில் பிரித்தார். டிரென்ட் ஃபிரெடெரிக் எட்மன்டனுக்கு. ஜஸ்டின் பிராசோ மினசோட்டாவுக்கு. சார்லி கோய்ல் கொலராடோவுக்கு. பிராண்டன் கார்லோ டொராண்டோவுக்கு, அதாவது எங்க அத்தை மகனின் அணிக்கு. கடைசியில், கெடு முடிகிற நேரத்தை ஒட்டி, மார்ஷாண்ட் ஃபுளோரிடா பேந்தர்ஸுக்கு.

அந்த நேரத்தில் வீட்டு பிராட்பேண்ட் போய்விட்டது (கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், எங்க தெருவில் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் அது அப்படித்தான்). மொபைல் டேட்டாவில் ஒரு பக்கம் வாட்ஸ்அப், ஒரு பக்கம் இந்தத் தளம். வாட்ஸ்அப்பில் அத்தை மகன், “மச்சான், உங்க கேப்டன் போயிட்டான்டா, நெஜமாவே போயிட்டான்” என்று அனுப்புகிறான். செய்தி என்ற அளவில் அதற்குமேல் அங்கே ஒன்றும் கிடைக்காது. ஏன் போனார், என்ன வந்தது, மிச்சம் என்ன என்பதற்கு பாஸ்டன் பக்கத்தைத்தான் திறந்தேன்.

அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், ஏனென்றால் தளத்தின் மதிப்பே இதில்தான் இருக்கிறது. மார்ஷாண்டின் வரியில் 61.25 லட்சம் டாலர், அது 2024–25-ஓடு முடிகிறது. அடுத்த கட்டத்தில் தொகை இல்லை, சுதந்திர வீரர் என்கிற குறி மட்டும். ஃபிரெடெரிக்குக்கும் அப்படியே. இந்த மாதிரி வரிகளை விற்பதை எல்லா அணியும் செய்யும், ஜூலையில் சும்மா கிளம்பிப் போகப்போகிற ஆளை மார்ச்சில் கொடுத்து எதையாவது வாங்கிக்கொள்வது. ஆனால் கோய்லுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி, கார்லோவுக்கு 2026–27 வரை பாக்கி. அவர்களையும் கொடுத்தார்கள் என்கிறபோதுதான் இது வெறும் கழிவு விற்பனை இல்லை, வேண்டுமென்றே அணியைக் கலைக்கிறார்கள் என்று தெரிகிறது. இதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை. கட்டங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

அதே பக்கத்தில் மேலே பார்த்தால் இன்னொரு உண்மை. டேவிட் பாஸ்ட்ரனாக் 1.125 கோடி, சார்லி மேக்கவாய் 95 லட்சம், கோலி ஜெரமி ஸ்வேமன் 82.5 லட்சம், எலியாஸ் லிண்ட்ஹோம் 77.5 லட்சம், ஹாம்பஸ் லிண்ட்ஹோம் 65 லட்சம். கூட்டினால் 4.325 கோடி டாலர். அன்றைய வரம்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்தே பேருக்கு. இந்த ஐந்து வரிகளும் 2029–30 வரையாவது நீள்கின்றன, ஸ்வேமனுடையது 2031–32 வரை. அதனால் பாஸ்டன் செய்ததை முழு மறுகட்டுமானம் என்று நான் ஏற்கமாட்டேன். தூண்கள் அப்படியே நிற்கின்றன, நடுவில் இருக்கிற சுவர்களை மட்டும் இடித்திருக்கிறார்கள். சிகாகோ மாதிரியோ சான் ஹோசே மாதிரியோ அடிவரை போகவில்லை. அப்படிப் போகாமல் வெற்றி பெற முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் பாஸ்ட்ரனாக் மாதிரி ஒருவர் உச்சத்தில் இருக்கும்போது ஐந்து வருடம் தோற்றுக்கொண்டே இருக்கச் சொல்ல எனக்கும் மனசு வராது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வரிக்கு வருகிறேன். வீரர்கள் பட்டியலுக்குக் கீழே, ஆள் இல்லாத சம்பளங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. அணியை விட்டுப் போனவர், ஆனால் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை நாம் இன்னும் கட்டுகிறோம். விதி என்னவென்றால் ஒரு அணி ஒரு வீரரின் சம்பளத்தில் அதிகபட்சம் 50 சதவீதம்வரை தன்னிடமே வைத்துக்கொண்டு அவரை அனுப்பலாம், ஒரே சமயத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மட்டும். பாஸ்டன் அந்த வாரத்தில் மூன்றையும் காலி செய்தது. மார்ஷாண்டுக்குப் பாதி, ஃபிரெடெரிக்குக்குப் பாதி, கார்லோவுக்கு 15 சதவீதம். முதல் இரண்டும் கோடையில் தானாகவே மறைந்துவிட்டன, ஒப்பந்தம் முடிந்தது. கார்லோ வரி மட்டும் நிற்கிறது: 6,15,000 டாலர், 2025–26-க்கு ஒன்று, 2026–27-க்கு ஒன்று. டொராண்டோ பக்கத்தைத் திறந்தால் அதே கார்லோ 41 லட்சத்துக்குப் பதில் 34.85 லட்சத்துக்கு நிற்கிறார். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்துகிறது, அதைச் சரிபார்க்கிற சுகமே தனி.

அந்த 6,15,000 டாலரை நம்ம காசில் போட்டுப் பாருங்கள், ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது தமிழ்நாடு டிராகன்ஸ் உட்பட ஒவ்வொரு ஆண்கள் அணிக்கும் மொத்த வீரர்களையும் வாங்கக் கொடுத்த தொகையே நாலு கோடி. அந்த ஏலத்தில் ஆக அதிக விலைக்குப் போன ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். அங்கே வேறு அணிக்குப் போய்விட்ட ஒரு டிஃபென்ஸ் வீரருக்காக வருடாவருடம் ஒதுக்குகிற மிச்சத் தொகை, இங்கே ஒரு முழு அணியின் விலையைவிட அதிகம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதியில் இந்தியா மலேசியாவை 4–3 என்று தோற்கடித்தபோது அரங்கம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உறுத்தும். எனக்கு உறுத்துகிறது. நம்ம ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களும் இப்படி ஒரு இடத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருந்தால் எவ்வளவு நல்லது என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

ஃபிரெடெரிக் கதை இன்னும் சுவாரசியம். அவர் சம்பளம் 23 லட்சம். பாஸ்டன் பாதியை வைத்துக்கொண்டது, நடுவில் நியூ ஜெர்சி வந்து மேலும் ஒரு கால் பங்கை வாங்கிக்கொண்டது, கடைசியில் எட்மன்டன் பக்கத்தில் அவர் 5.75 லட்சத்துக்கு ஏறினார். மூன்று அணிப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால்தான் இது விளங்கும். இந்த வேலையை இனி இதே வேகத்தில் செய்ய முடியாது, லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான புது ஒப்பந்த விதிப்படி ஒரே ஆளின் சம்பளத்தை இரண்டாவது தடவை பங்கு போட நடுவில் வழக்கமான பருவத்தின் 75 நாள் போக வேண்டும். அதேபோல் காயம்பட்டவரை நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டு சம்பள வரம்பில் இடம் பண்ணி, பிளேஆஃபில் எல்லோரையும் சேர்த்து இறக்குகிற வித்தைக்கும் 2025–26-இலிருந்து கடிவாளம், பிளேஆஃபுக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது. ஃபுளோரிடா மேத்யூ டக்காச்சுக்குக் காயம் என்று அந்தப் பட்டியலில் வைத்திருந்ததால்தான் அந்த மார்ச்சில் இவ்வளவு ஆட்களை வாங்க முடிந்தது. விதிக்குள்தான் செய்தார்கள். இருந்தாலும் விதி மாறியது நல்லது.

அப்புறம் டிராஃப்ட் பிக்குகள். மறுகட்டுமானம் பண்ணுகிற அணியின் ரசிகனுக்கு இதுதான் உயிர். மார்ஷாண்டுக்குப் பதிலாக பாஸ்டனுக்கு வந்தது ஃபுளோரிடாவின் 2027 இரண்டாம் சுற்று பிக், அதற்கு ஒரு நிபந்தனை. ஃபுளோரிடா இரண்டு சுற்று ஜெயித்து, மார்ஷாண்ட் அவற்றில் பாதி ஆட்டமாவது ஆடினால், அது 2027 அல்லது 2028-இன் முதல் சுற்று பிக்காக மாறும். ஏப்ரல் முழுக்க அந்த நிபந்தனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபுளோரிடா முதல் சுற்றில் டாம்பாவை முடித்தது. இரண்டாவது சுற்றில் எதிரே யார் என்று பார்த்தால் டொராண்டோ. ஏழாவது ஆட்டம்வரை போனது, மே 18, நம்ம ஊரில் திங்கட்கிழமை விடிகாலை. டொராண்டோவின் சொந்த அரங்கில் 6–1. மார்ஷாண்ட் ஒரு கோல், இரண்டு அசிஸ்ட். அத்தை மகனிடமிருந்து குரல் செய்தி வந்தது, “டேய், உங்க ஆளே வந்து எங்களை அடிச்சுட்டுப் போறான், அதுக்கு உங்களுக்கே பிக் வேறயா?” அவன் நிஜமாகவே உடைந்துபோயிருந்தான். நான் ஒன்றும் பதில் போடவில்லை. பாஸ்டனுக்கு முதல் சுற்று பிக் உறுதியானது, மார்ஷாண்டோ ஜூனில் தன் இரண்டாவது கோப்பையைத் தூக்கினார், பிறகு ஃபுளோரிடாவிலேயே ஆறு வருடம், வருடத்துக்கு 52.5 லட்சம் என்று கையெழுத்தும் போட்டார். அவர் இன்னொரு அணியின் பக்கத்தில் 2030–31 வரை நீள்கிற ஒரு வரியாக இருப்பதைப் பார்க்க இன்னும் வலிக்கிறது. ஆனால் பேரத்தைக் குறை சொல்ல முடியாது.

கார்லோவுக்குப் பதில் வந்ததும் நல்ல பேரம் என்பேன்: ஃபிரேசர் மின்டென் என்கிற இளம் சென்டர், டொராண்டோவின் 2026 முதல் சுற்று பிக், 2025 நாலாம் சுற்று பிக். அந்த முதல் சுற்று பிக் முதல் ஐந்து இடத்துக்குள் விழுந்தால் அந்த வருடம் டொராண்டோவிடமே இருக்கும் என்று ஒரு பாதுகாப்பு. இந்த மாதிரி நிபந்தனைகளை வாயால் சொன்னால் இரண்டு நாளில் மறந்துவிடும், பிக் பட்டியலில் பிக்கோடு சேர்த்து எழுதியிருப்பதால் வருடம் கழித்துப் போனாலும் படிக்கலாம். கோய்லுக்குப் பதில் கேசி மிட்டெல்ஸ்டாட், ஒரு இளம் வீரர், ஒரு இரண்டாம் சுற்று பிக். அதில் எனக்குப் பெரிய உற்சாகமில்லை, மிட்டெல்ஸ்டாட்டின் 57.5 லட்சம் 2026–27 வரை ஓடுகிறது, போன கோய்லைவிட விலையும் அதிகம், வருடமும் அதிகம்.

தளத்தில் பக்ஜி.எம் என்று ஒரு கருவி இருக்கிறது. நாமே மேலாளர் மாதிரி ஒரு அணியை எடுத்து, டிரேடு போட்டு, ஆளைச் சேர்த்து, வரம்பு தாங்குகிறதா என்று பார்க்கலாம். பெரம்பூரில் எங்க நண்பர்கள் கூட்டம் டீக்கடையில் உட்கார்ந்தால் இதுதான் வேலை. கிரிக்கெட் மட்டும் பார்க்கிற பையன்கள்கூட ஐ.பி.எல் ஏலம் பழக்கம் இருப்பதால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் பாஸ்ட்ரனாக்கை விற்கலாம் என்றான், அவனுக்கு அந்த 1.125 கோடியை எந்த அணியின் கணக்கில் நுழைப்பது என்று காட்டச் சொன்னோம், அரை மணி நேரம் தேடிவிட்டு, “சரிண்ணா, அவரு இருக்கட்டும்” என்றான். ஆட்டம் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவனையும் கணக்கோடு பேச வைக்கிற கருவி இது.

குறை என்று சொன்னால், முதலாவது, இது சம்பளத்தின் தளம், ஆட்டத்தின் தளம் இல்லை. மின்டென் ஐஸில் எப்படி ஆடுகிறார், மிட்டெல்ஸ்டாட் எதிரணியிடமிருந்து பக் என்கிற வட்டைப் பிடுங்க ஏன் ஓடுவதில்லை என்பதெல்லாம் இங்கே தெரியாது, அதற்கு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த அரைப் புள்ளியை நான் குறைத்தது இதற்காக இல்லை. இரண்டாவது குறைக்காக: புதிதாக வருகிறவருக்கு அந்தப் பக்கங்களில் இருக்கிற சுருக்கெழுத்துகள் ஒரு சுவர். ஆங்கிலம் நல்லா தெரிந்தவர்களே முதல் வாரம் திணறுவார்கள். தமிழில் ஒரு நல்ல விளக்கம் யாராவது எழுதினால் ஸ்கார்பரோவிலிருந்து திருவொற்றியூர்வரை படிக்க ஆள் இருக்கிறது.

இந்த மாதிரித் தளங்கள் நிலைக்குமா என்கிற கவலையையும் சொல்லியாக வேண்டும். முதலில் கேப்கீக் இருந்தது, மேத்யூ வூஸ்ட் என்கிற கனடாக்காரர் நடத்தினார், அவர் உடல்நிலை மோசமாகி 2015 ஜனவரியில் மூடினார், மார்ச்சில் புற்றுநோயில் இறந்துபோனார். ஜெனரல் ஃபேனேஜர் வந்தது, அதை வேகாஸ் அணி எடுத்துக்கொண்டது. கேப்ஃபிரெண்ட்லி வந்தது, லீக் முழுக்க எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள், 2024-இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அதை வாங்கி ஜூலை 10 அன்று பொதுமக்களுக்கு மூடிவிட்டது. நல்லா செய்கிறவர்களை அணிகள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. செய்கிறவருக்கு அது நல்ல வேலை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ரசிகன் கையிலிருந்து கணக்குப் புத்தகம் போய்விடுகிறது. அதனால் விளம்பரம் வருகிறதே என்று தடுப்பானைப் போட்டுவிட்டுப் பார்க்காதீர்கள், இந்தத் தளத்துக்காவது விளம்பரம் ஓடட்டும்.

பாஸ்டன் அந்தப் பருவத்தை 76 புள்ளியோடு முடித்தது. டிராஃப்டில் ஏழாவது இடம், ஜேம்ஸ் ஹேகன்ஸை எடுத்தார்கள், அதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் ஜூலை 1 அன்று டேனர் ஜீனோவுக்கு ஐந்து வருடம், வருடத்துக்கு 34 லட்சம் கொடுத்தார்கள். கீழ்வரிசையில் முட்டி மோதி ஆடுகிற ஆளுக்கு 2029–30 வரை நீள்கிற ஒரு வரி. மார்ச்சில் சுவரை இடித்தவர்கள் ஜூலையில் ஏன் இப்படி ஒரு கல்லை நட்டார்கள் என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்றிரண்டு. ஃபோனில் பார்த்தால் படுக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், ஏழெட்டு வருடக் கட்டங்கள் வரிசையாக வரும், நிமிர்த்தி வைத்தால் பாதி வெளியே போய்விடும். எல்லா அணியையும் ஒரே நாளில் மேயாதீர்கள், ஒரு அணியை எடுத்து அதன் பிக் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். டெட்லைன் ராத்திரி மொபைலில் டேட்டா மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஏதாவது இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்தவரை சொல்கிறேன், பாஸ்டன் பக்கத்தைப் பற்றி என்றால் ராத்திரி எந்நேரம் கேட்டாலும் சொல்கிறேன்.